போர்மட் பண்ண முதல்: கணினி கேள்வி–பதில்

கேள்வி: கடையில் பில் போடும் டெஸ்க்டொப். காலையில் போட்டதும் ‘எப்1 அழுத்துக’ என்று கறுப்புத் திரையில் நின்றுவிடுகிறது. அழுத்தி உள்ளே போனால் திகதி பல வருடம் பின்னால் கிடக்கிறது, இணையத்தளங்களும் திறப்பதில்லை. வின்டோஸைப் போர்மட் பண்ணச் சொல்கிறார்கள். பண்ணலாமா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: வேண்டாம். போர்மட் பண்ணினாலும் நாளைக் காலையில் அதே எப்1தான் வரும். அந்தச் செய்தியைக் காட்டுவது வின்டோஸ் அல்ல, அதற்கு முன்னரே விழித்துக்கொள்ளும் பயோஸ், அதாவது மதர்போர்ட்டிலேயே பதிந்துள்ள தொடக்க மென்பொருள். அதன் மணிக்கூட்டையும் அமைப்புகளையும் காக்கும், மதர்போர்ட்டில் உள்ள சீஆர்2032 பற்றரி தீர்ந்துவிட்டது. பெயரிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு.

இரவில் கடை பூட்டும்போது சுவர் ஆளியையும் நிறுத்துகிறீர்கள் போலும். ஆளி போட்டிருக்கும்வரை பவர் சப்ளையின் 5 வோல்ற் காத்திருப்பு மின்னே மணிக்கூட்டை ஓட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் பகலில் எத்தனை முறை ரீஸ்டார்ட் பண்ணினாலும் கோளாறு தெரிவதில்லை. தளங்கள் திறக்காததற்கும் இதுதான் காரணம். தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் திகதி ஒன்று உண்டு. உங்கள் கணினி அந்தத் திகதிக்கு முந்திய வருடத்தில் நிற்பதால் பிரவுசர் அதை நம்ப மறுக்கிறது.

மாற்றுவதற்கு முதல் பயோஸுக்குள் போய் (பெரும்பாலும் டிலீட் அல்லது எப்2) பூட் ஒழுங்கையும் (எந்த டிஸ்க்கிலிருந்து முதலில் தொடங்குவது என்பது), ‘சாட்டா மோட்’ என்ற இடத்தில் டிஸ்க்கோடு பேசும் முறை ஏஎச்சிஐயா ரெய்டா என்பதையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு வயரைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்தி மீதி மின்னை இறக்குங்கள். பிடியின் ஓரத்திலுள்ள கொக்கியைத் தள்ளினால் பற்றரி எழும்பும். மல்டிமீற்றரில் புதியது 3 வோல்ற்றுக்குக் குறையாமல் காட்ட வேண்டும், பழையது 2.7க்குக் கீழே என்றால் ஐயமே வேண்டாம். + குறி மேலே பார்க்க வையுங்கள். எழுவான்கரை உப்புக்காற்றில் பிடியின் தகட்டில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கவும் கூடும். ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பூட்டுங்கள்.

பற்றரி மாற்றியபின் வின்டோஸ் நீலத் திரையோடு நின்றால் பயப்பட வேண்டாம். சாட்டா மோட் மாறியிருக்கும். படத்தைப் பார்த்துப் பழையபடி வையுங்கள். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டுப் போர்மட் பண்ணிக் கணக்கு வழக்கையெல்லாம் இழக்கிறார்கள். நல்ல பற்றரி சில வருடங்களாவது தாங்கும். ஒரு மாதத்திலேயே இறங்கினால் போர்ட்டில் எங்கோ மின் கசிகிறது.

கேள்வி: உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறேன். நிலைபொருள் (பெர்ம்வெயார், பயோஸ் போன்றது) என்பது ‘வாசிக்க மட்டுமான’ நினைவகத்தில் இருப்பது என்றால், அதை அப்டேட் பண்ணுவது எப்படி? ஆளியை அழுத்தியதும் அது என்ன செய்கிறது?
– மாணவி, அக்கரைப்பற்று

பதில்: பெயர் பழையது, பொருள் மாறிவிட்டது. இன்று நிலைபொருள் இருப்பது மதர்போர்ட்டில் உள்ள எட்டுக்கால் பிளாஷ் சிப்பில். 16 அல்லது 32 மெகாபைட் கொள்ளளவு சாதாரணம். அழித்து எழுதலாம்.

பவர் சப்ளை ‘மின் சீராகிவிட்டது’ என்று சைகை கொடுத்ததும், இன்டெல் வகை முறைவழியாக்கி (புரொசசர்) 4 கிகாபைட் முகவரி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே உள்ள கட்டளையைத் தேடும். அந்த முகவரி போய்ச் சேர்வது இந்தச் சிப்பில். அப்போது ரெம் வேலை செய்யாது. அதைத் தயார்செய்வதே நிலைபொருளின் வேலைதான். அதுவரை முறைவழியாக்கிக்குள்ளேயே இருக்கும் சிறிய கேஷ் நினைவகத்தையே தற்காலிக மேசையாக வைத்துக்கொள்ளும். ரெம்முக்கு ஏற்ற நேர அளவுகளைச் சோதித்துப் பிடிப்பது அடுத்த படி. புதிய டிடிஆர்5 ரெம் போட்ட முதல் தடவை சில நிமிடம் திரை இருட்டாகவே இருப்பது இதனால்தான். பழுது என்று நினைத்து நடுவில் நிறுத்தக் கூடாது.

பிறகு திரை, விசைப்பலகை, டிஸ்க். பழைய பயோஸ் முறையில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டை வாசித்து, கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்று இருந்தால் அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கும். பயோஸுக்குப் பதிலாக வந்த புதிய யூஇஎப்ஐ முறையில், டிஸ்க்கில் எப்ஏடி32 வடிவில் அமைத்த பகுதியில் உள்ள பூட் கோப்பை நேரே திறக்கும். பழைய முறையில் நிறுவிய வின்டோஸ் யூஇஎப்ஐ மட்டும் உள்ள கணினியில் எழும்பாதது இந்த வேறுபாட்டினால்தான்.

கேள்வி: கரன்ட் அடிக்கடி போகும் இடத்தில் பயோஸ் அப்டேட் பண்ணலாமா?
– வாசகர், காத்தான்குடி

பதில்: தேவையில்லாமல் தொடாதீர்கள். புதிய முறைவழியாக்கி போடுவது, பாதுகாப்புக் குறையை அடைப்பது போன்ற காரணம் இருந்தால் மட்டும் செய்யுங்கள். டெஸ்க்டொப் என்றால் யூபிஎஸ் கட்டாயம். மடிக்கணினி என்றால் பற்றரி நிறைய, சார்ஜரும் குத்தியபடி. மொடல் இலக்கத்தோடு போர்ட்டில் அச்சிட்ட ‘ரெவ்’ (பதிப்பு) இலக்கமும் பொருந்த வேண்டும். பிட்லொக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் வின்டோஸ் வசதி) போட்டிருந்தால் இடைநிறுத்துங்கள், 48 இலக்க மீட்புச் சாவியையும் எழுதி வையுங்கள்.

பாதியில் நின்றுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று இல்லை. எச்பியின் பல மடிக்கணினிகளில் வின்டோஸ் விசையையும் ‘பி’ விசையையும் பிடித்தபடி பவரை அழுத்தினால் மீட்புத் தொடங்கும். பென்ட்ரைவிலிருந்து பயோஸை நேரே எழுதும் பிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்ட் என்றால் பயோஸ் கோப்பைப் போட்ட எப்ஏடி32 பென்ட்ரைவ் போதும். இரண்டும் இல்லையென்றால் சிப்பில் கிளிப் மாட்டி எழுத வேண்டும். சிப் 3.3 வோல்ற்றா 1.8 வோல்ற்றா என்று பார்க்காமல் மாட்டுபவரிடம் கொடுக்காதீர்கள், சிப் எரிந்துவிடும்.

கேள்வி: புது மடிக்கணினிக்கு வின்டோஸ் போடும்போது டிஸ்க்கே காட்டவில்லை. டிஸ்க் பழுதா?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: பயோஸில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால் பெரும்பாலும் பழுதில்லை. இன்டெல் 11ஆம் தலைமுறை தொடக்கம் பல மடிக்கணினிகளில் ‘விஎம்டி’ என்ற டிஸ்க் கட்டுப்பாட்டு அமைப்பு, அதற்குரிய டிரைவர் இல்லாவிட்டால் டிஸ்க்கை மறைத்துவிடும். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து ரெபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, வின்டோஸ் போடும் அதே பென்ட்ரைவில் போட்டு, டிஸ்க் கேட்கும் இடத்தில் ‘லோட் டிரைவர்’ கொடுங்கள். பயோஸில் விஎம்டியை நிறுத்தினாலும் டிஸ்க் தெரியும். ஆனால் அதில் ஏற்கெனவே வின்டோஸ் இருந்தால், அது எழும்பாமல் போகக்கூடும்.