பீர்க்கை பூத்துக் கொட்டுகிறது, பிஞ்சு இல்லை

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் மொட்டை மாடித் தொட்டியில் பீர்க்கை போட்டிருக்கிறேன். கொடி நன்றாகப் படர்ந்து ஒரு மாதமாகப் பூக்கிறது. எல்லாம் உதிர்கிறது, ஒரு பிஞ்சு இல்லை. வாரம் ஒரு கை யூரியா போடுகிறேன். நர்சரிக்காரர் ‘பெண் பூ மருந்து’ என்று 600 ரூபாய்க்கு ஒரு பாட்டில் தருகிறார். பப்பாளிக்கும் அதையே ஊற்றலாம் என்கிறார். வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். யூரியாவையும் இன்றோடு நிறுத்துங்கள்.

பூவுக்கு அடியில் குட்டிப் பீர்க்கங்காய் ஒட்டியிருந்தால் அது பெண் பூ. வெறும் காம்பு என்றால் ஆண். முதலில் ஆண் பூ வருவது இயல்புதான், ஆனால் ஒரு மாதம் ரொம்ப அதிகம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. தொட்டி மண்ணில் அதை வாரா வாரம் கொட்டினால் கொடி இலையாகவே ஓடும், பூத்தாலும் ஆண் பூவாகப் பூக்கும். உங்களைச் சொல்லியும் குற்றமில்லை. அரசு யூரியா மூட்டையை 300 ரூபாய்க்குள் வைத்துவிட்டுப் பொட்டாஷ் என்ற சாம்பல் சத்து உரத்தின் விலையை ஏறவிட்டால் ஜனங்கள் எதைப் போடுவார்கள்? மண்ணைச் சோதித்து எந்த உரம் எவ்வளவு என்று சொல்லும், 2015-ல் வந்த மண்வள அட்டையும் வயல்காரருக்குத்தான், மாடிக்காரரை யார் கேட்கிறார்கள்!

அந்தப் பாட்டிலின் லேபிளைப் படித்தீர்களா? ‘எத்திபான்’ என்றிருந்தால் பெண் பூவைக் கூட்டும் சரக்குதான். ஆனால் இரண்டு, நான்கு இலைப் பருவத்தில் தெளிக்க வேண்டியது, உங்கள் கொடி அந்த வயதைத் தாண்டிவிட்டது. ‘ஜிப்ரலிக் அமிலம்’ என்றிருந்தால் வெள்ளரிக் குடும்பத்தில் பெரும்பாலும் ஆண் பூதான் கூடும். காசு கொடுத்து வினையை வாங்குவது இதுதான். லேபிளில் எதுவுமே இல்லையென்றால் பாட்டிலைத் தொடவே வேண்டாம்.

மூன்று வாரம் தழைச்சத்து எதுவும் வேண்டாம், கோழி எருவும் கூடாது. விறகுச் சாம்பல் இரண்டு ஸ்பூன் தூவி, நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகளில் பெண் பூ வரும். பீர்க்கம்பூ சாயங்காலம் மலரும், உங்கள் மாடிக்குத் தேனீ வராது என்றால் ஆண் பூவைப் பறித்து அப்போதே பெண் பூவில் தொட்டுவிடுங்கள்.

பப்பாளி வேறு கதை. அதில் ஆண், பெண் என்பது விதையிலேயே முடிவானது, உரமோ மருந்தோ மாற்றாது. ‘கியாரண்டி பெண் கன்று’ என்று விற்பவரிடம் பூக்காத கன்றில் எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். ஆண் மரமே வராத ரகம் வேண்டுமென்றால் ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘சூர்யா’ இருக்கிறது. அதில் ஒரு மரம் பெண்ணாக வரும், இல்லையென்றால் ஒரே பூவில் இரண்டு பாலும் உள்ளதாக வரும். இந்த இரண்டாவது வகைதான் குழப்பும். கடும் வெயிலில் அதன் பூவில் பெண் பாகம் சுருங்கி ஆண் பூ மாதிரியே நிற்கும், சூடு தணிந்தால் மறுபடி காய்க்கும். ஏப்ரலில் பார்த்துவிட்டு ‘ஆண் மரம்’ என்று வெட்டியவர்கள் என்னிடம் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். நீண்ட காம்பில் பூ கொத்துக் கொத்தாகத் தொங்கினால் மட்டுமே ஆண். உங்கள் மரத்தில் அப்படித் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு அரிவாளை எடுங்கள்.