ஊர் திரும்பும் குடும்பங்கள்: பிள்ளைகளின் குடியுரிமை பற்றிக் கேள்வி பதில்

இன்று பிள்ளைகளின் குடியுரிமை, பாஸ்போர்ட், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு கொடுக்கும் கார்டு) மட்டும். கேட்கும்போது மூன்று தேதிகளைக் கட்டாயம் எழுதுங்கள்: பிள்ளை பிறந்த தேதி, பெற்றோர் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் அந்தத் தேதி, ஓசிஐ கார்டு கிடைத்த தேதி. இந்தச் சட்டத்தில் எல்லாமே தேதியில்தான் நிற்கிறது.

டல்லாஸிலிருந்து கோவைக்கு: சார், நாங்க ரெண்டு பேரும் எச்1பி வேலை விசா, இந்தியப் பாஸ்போர்ட்தான். மூத்தவ கோவையில பிறந்தா. சின்னவன் 2021 ஆகஸ்ட்ல டல்லாஸ்ல பிறந்தான், அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுத்தாச்சு. மே மாசம் கிளம்புறோம். அவனுக்கு என்ன பண்ணணும்?

பதில்: மூத்தவளுக்கு எதுவும் வேண்டாம். சின்னவனுக்கு ஓசிஐ எடுங்கள். பெற்றோர் இருவருமோ ஒருவரோ இந்தியக் குடிமக்களாக இருந்தால் மைனர் பிள்ளைக்கு ஓசிஐ உண்டு என்று குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவே சொல்கிறது. கிளம்புவதற்கு முன் அங்கேயே எடுத்துவிடுங்கள். சுற்றுலா விசாவில் கூட்டி வந்து இங்கே பள்ளியில் சேர்த்துவிட்டு அலைவது வேண்டாத வேலை.

விண்ணப்பம் சிக்குவது பெரும்பாலும் பெயரில்தான். நம் ஊர்க்காரர்கள் பலருக்கு இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழும். ஓட்டுநர் உரிமம் விசாவைப் பார்த்து அச்சாகிறது, ஆஸ்பத்திரிப் படிவம் உரிமத்தைப் பார்த்து எழுதப்படுகிறது, கடைசியில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் 'எஃப்என்யு செந்தில்குமார்' ஆகிவிடுகிறது. பாஸ்போர்ட்டில் இருப்பதோ வெறும் செந்தில்குமார். பிறப்புச் சான்றிதழையும் உங்கள் இருவர் பாஸ்போர்ட்டையும் இன்றைக்கே பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் மாநிலப் பிறப்புப் பதிவு அலுவலகத்தில் திருத்துங்கள். நேரம் இல்லையென்றால் இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி இணையுங்கள்.

சான்றளித்த பிறப்புச் சான்றிதழ் மூன்று பிரதியாவது வாங்கி, மாநில அரசிடம் அபோஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான சான்று முத்திரை) போட்டுக் கொண்டு வாருங்கள். கோவையில் உட்கார்ந்துகொண்டு டெக்சாஸ் அபோஸ்டில் வாங்குவது பெரும்பாடு. ஓசிஐ விண்ணப்பத்தின் கையெழுத்துக் கட்டத்தில் பிள்ளையின் கைரேகை கோட்டைத் தாண்டக் கூடாது. பதிவேற்றும் அந்தக் கைரேகைப் படம் அகலம் மூன்றுக்கு உயரம் ஒன்று என்ற அளவில் இருக்க வேண்டும். கார்டு கைக்கு வந்ததும் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் மூன்றையும் சரிபார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

சியாட்டிலிலிருந்து சேலத்துக்கு: ஓசிஐ எடுத்தா அது இரட்டைக் குடியுரிமை தானே?

பதில்: இல்லை. ஓசிஐ வைத்திருப்பவர் சட்டப்படி வெளிநாட்டவர். ஓட்டு கிடையாது, விவசாய நிலமோ பண்ணை வீடோ வாங்க முடியாது, அரசியலமைப்புப் பதவிகள் கிடையாது. வாழ்நாள் விசா என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

லீட்ஸிலிருந்து தஞ்சாவூருக்கு: வணக்கம் சார். நாங்கள் இருவரும் வேலை விசாவில் இருக்கிறோம். மகள் இங்கே பிறந்து 14 மாதம். இங்கே பிறந்ததால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்துவிடும் என்று விட்டுவிட்டோம். இப்போது ஊருக்கே வருகிறோம்.

பதில்: பாஸ்போர்ட் வராது. 1983-க்குப் பிறகு பிரிட்டனில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவராவது பிரிட்டிஷ் குடிமகனாகவோ நிரந்தரக் குடியிருப்பு உள்ளவராகவோ இருந்தால்தான் பிறப்பிலேயே குடியுரிமை. மண்ணில் பிறந்தாலே போதும் என்பது அமெரிக்க விதி. அதைப் பிரிட்டனுக்கும் வளைகுடாவுக்கும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இந்தியப் பக்கமும் கவனம் தேவை. 2004 டிசம்பர் 3 முதல், வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிந்தால்தான் வம்சாவளிக் குடியுரிமை. நீங்கள் இரண்டு மாதம் தாண்டிவிட்டீர்கள். கதவு மூடிவிடவில்லை, ஆனால் இனி மத்திய அரசின் அனுமதி வேண்டும். தாமதத்துக்கான காரணத்தைத் தேதிகளோடு எழுதி, இந்திய ஹைகமிஷன் வழியாகவே விண்ணப்பியுங்கள். அது முடியாமல் வீட்டைக் காலி செய்யாதீர்கள், வேலையையும் விடாதீர்கள். இப்போது உங்கள் மகள் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை.

ஷார்ஜாவிலிருந்து திருச்சிக்கு: பையனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் இருக்கு. பதிவும் தனியா வேணுமா?

பதில்: தூதரகம் கொடுத்த பிறப்புப் பதிவுச் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். குடியுரிமைக்கு ஆதாரம் அதுதான். இல்லையென்றால் கிளம்பும் முன் கேட்டு வாங்குங்கள்.

நியூஜெர்சியிலிருந்து சென்னைக்கு: நாங்கள் 2012-ல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கினோம். மகள் 2008-ல் சென்னையில் பிறந்தவள், எங்களோடு சேர்ந்து அவளும் மாறினாள். இப்போது 18 ஆகிறது. ஒரு வருடத்துக்குள் எழுதிக் கொடுத்தால் இந்தியக் குடியுரிமை திரும்பக் கிடைக்கும் என்கிறார் வக்கீல். பிரிவு 8(2).

பதில்: இதற்கு விரிவாகவே எழுதுகிறேன், பலரை இப்படித்தான் தவறாக வழிநடத்துகிறார்கள். குடியுரிமைச் சட்டத்தின் பிரிவு 8 என்பது, இந்தியக் குடிமகனாக இருக்கும்போதே 'எனக்கு வேண்டாம்' என்று தானாக எழுதிக் கொடுத்துத் துறப்பவர்களுக்கானது. அப்படித் துறந்தவரின் மைனர் பிள்ளைக்குத்தான் 8(2): 18 முடிந்து ஒரு வருடத்துக்குள் உறுதிமொழி கொடுத்து மீட்கலாம். நீங்கள் துறக்கவில்லை. அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுத்த அந்த நிமிடமே பிரிவு 9 உங்கள் இந்தியக் குடியுரிமையைத் தானாக முடித்துவிட்டது. சிங்கப்பூரில் பிறந்த ஓர் இளைஞர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாதகமாகச் சொன்னதை வைத்துத்தான் பலர் இன்னும் 8(2) பேசுகிறார்கள். 2024 அக்டோபர் 18-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. பெற்றோர் பிரிவு 9-இல் இழந்திருந்தால் பிள்ளைக்கு 8(2) இல்லை.

அதே நியூஜெர்சிக்காரர்: ஆனால் எங்களிடம் இந்தியக் குடியுரிமைத் துறப்புச் சான்றிதழ் இருக்கிறதே? கட்டணம் கட்டி வாங்கியது.

பதில்: அது எந்தத் தேதியிட்டது? அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிறகு, பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும்போது கொடுத்ததாகத்தான் இருக்கும். தலைப்பில் துறப்பு என்று போட்டிருந்தாலும், ஏற்கெனவே போய்விட்ட ஒன்றைத் துறக்க முடியாது.

மெல்போர்னிலிருந்து இன்னொருவர்: சார், இது அநியாயம். பெற்றோர் செய்ததுக்குப் பிள்ளை ஏன் இழக்கணும்? அதுக்காகத்தானே 8(2)-வையே வச்சாங்க?

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. 8-இலும் 9-இலும் பிள்ளையின் நிலைமை ஒன்றுதான், இரண்டிலும் அது முடிவெடுக்கவில்லை. நாடாளுமன்றம் பிரிவு 9-க்கும் இப்படி ஒரு வழி வைத்திருக்கலாம் என்பது என் கருத்தும்கூட. ஆனால் விண்ணப்பத்தில் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுத முடியாது, இருக்கிற சட்டத்தில்தான் எழுத முடியும்.

நியூஜெர்சி மகளுக்கு வழி உண்டு. அதே சட்டத்தின் பிரிவு 5(1)(எஃப்)-இல் பதிவு செய்து குடியுரிமை பெறலாம்: வயது வந்தவர், அவரோ பெற்றோரில் ஒருவரோ முன்பு சுதந்திர இந்தியாவின் குடிமகனாக இருந்திருக்க வேண்டும், விண்ணப்பத்துக்கு உடனே முந்தைய 12 மாதம் இந்தியாவில் வசித்திருக்க வேண்டும். இந்தப் 12 மாதத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். நடுவே வெளிநாடு போன நாட்களை மத்திய அரசு தளர்த்தலாம், ஆனால் மொத்தம் 30 நாள்வரைதான். கோடை விடுமுறைக்கு ஆறு வாரம் நியூஜெர்சி போனால் கணக்கு முதலிலிருந்து. அமெரிக்கக் குடியுரிமையையும் விட வேண்டும், அந்த முடிவு அவளுடையதாக இருக்கட்டும்.

ஆஸ்டினிலிருந்து மதுரைக்கு: ஓசிஐ இருந்தா ரெண்டு நாட்டுக் குடியுரிமையும்...

பதில்: மேலே சேலத்துக்காரருக்குச் சொன்ன பதில்தான்.

சிங்கப்பூரிலிருந்து காரைக்குடிக்கு: அண்ணே, நாங்க சிங்கப்பூர் சிட்டிசன். மகனுக்கு 12 வயசு. ஊருக்கே வந்துட்டா தேசிய சேவை, அதான் கட்டாய ராணுவ சேவை, விட்டுடுமா?

பதில்: விடாது தம்பி. 13 வயதிலிருந்து, மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்க வெளியேறும் அனுமதி வேண்டும். இரண்டு வருடமோ அதற்கு மேலோ என்றால் பிணைத்தொகையும் உண்டு: குறைந்தது 75,000 சிங்கப்பூர் வெள்ளி, அல்லது பெற்றோர் இருவரின் ஆண்டு வருமானத்தில் பாதி, எது அதிகமோ அது. 21 வயதுக்கு முன் குடியுரிமையைத் துறந்து தப்பிக்கலாம் என்றும் கணக்குப் போட வேண்டாம்.

ஹூஸ்டனிலிருந்து சென்னைக்கு: மகளுக்கு நீட் எழுதணும். ஓசிஐ-க்கு என்ஆர்ஐ சீட் மட்டும்தானா?

பதில்: கார்டுத் தேதி எழுதவில்லை. 2021 மார்ச் 4 அறிவிக்கைதான் ஓசிஐ பிள்ளைகளை என்ஆர்ஐ இடங்களோடு நிறுத்தியது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அந்தத் தேதிக்கு முன் ஓசிஐ பெற்றவர்களை அது கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டது. கார்டை மறுபடி வாங்கியிருந்தால் புதிய தேதிதான் அதில் இருக்கும், அதனால் பழைய கார்டின் நகலைத் தூக்கிப் போடாதீர்கள். மாநில ஒதுக்கீட்டுக்கு அந்த வருட மாணவர் சேர்க்கைக் கையேட்டைப் படியுங்கள்.

பெயர் வேண்டாம்: பையனுக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் இருக்கு. அதைச் சொல்லாம இந்தியப் பாஸ்போர்ட்டும் எடுத்துடலாம்னு சொந்தக்காரர் சொல்றார். நிறைய பேர் வச்சிருக்காங்களாம்.

பதில்: செய்யாதீர்கள். இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதியும்போது, பிள்ளையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். தெரிந்தே பொய் சொன்னால் குடியுரிமைச் சட்டத்தின் பிரிவு 17-ன்படி ஐந்து வருடம்வரை சிறை, 50,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். நாளை அமெரிக்கா போக அவன் அமெரிக்கப் பாஸ்போர்ட்டைத்தான் காட்டியாக வேண்டும், அப்போது இரண்டும் ஒரே கவுண்டரில் வெளியே வரும். சிக்கிக்கொள்வது பிள்ளை.

கும்மிடிப்பூண்டியிலிருந்து: அண்ணா, நாங்கள் முகாமில் இருக்கிறோம். யாழ்ப்பாணம் திரும்பப் போகிறோம். பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள்.

பதில்: பெற்றோர் இருவரும் இலங்கையர் என்றால், 1987 ஜூலை 1-லோ அதற்குப் பின்னோ இங்கே பிறந்த பிள்ளை இந்தியர் ஆகாது. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தில், வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும், பிந்தினால் தகுந்த காரணம் காட்டி அனுமதி பெறலாம். கப்பல், விமானம் பார்ப்பதற்கு முன் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இதை முடியுங்கள். மருத்துவமனைச் சீட்டு போதாது, நகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ் வேண்டும்.

பாஸ்டனிலிருந்து வேலூருக்கு: அமெரிக்க வரி, வங்கிக் கணக்கு...

பதில்: அது தனி ஆடிட்டர் வேலை.

டல்லாஸ்காரர் மறுபடி: கடைசியா ஒண்ணு சார். நான் ஆறு மாசம் பின்னாடிதான் வருவேன். அதுக்குள்ள சின்னவன் அமெரிக்கப் பாஸ்போர்ட் முடிஞ்சுட்டா?

பதில்: 16 வயதுக்குள் எடுத்த பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும், அதனால் முடிகிற தேதியை இப்போதே பாருங்கள். சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் பிள்ளையும் பெற்றோர் இருவரும் நேரில் போக வேண்டும். நீங்கள் அங்கே இருந்தால் டிஎஸ்-3053 சம்மதப் படிவத்தில் நோட்டரி முன் கையெழுத்திட்டு, அடையாள அட்டையின் முன்பின் நகலோடு மூலப்படியை மனைவிக்கு அனுப்புங்கள். அந்தச் சம்மதத்துக்கு ஆயுள் மூன்று மாதம்தான், முன்கூட்டியே எழுதி வைத்துவிடாதீர்கள். புதிய பாஸ்போர்ட் வந்ததும் மூன்று மாதத்துக்குள் அதன் நகலையும் புதுப் படத்தையும் ஓசிஐ தளத்தில் ஏற்றிவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.