"அது இருக்கட்டும்"னு தள்ளிவிட்ட ட்ரையவுட்

வணக்கம் மேடம். எனக்கு 24 வயசு, சென்னையில ஐடி வேலை. காலேஜ்ல இருந்தே வாலரண்ட் ஆடுறேன், அஞ்சு பேர் டீமா சேந்து ஆன்லைன்ல ஆடற துப்பாக்கிச் சண்டை கேம். இப்ப அசெண்டன்ட்ங்கற உயர்ந்த ரேங்க்ல இருக்கேன். மைக் ஆன் பண்ணி "பி சைட்ல ரெண்டு பேர்"னு எதிரி இருக்கற இடத்தைச் சொன்ன அடுத்த செகண்டே என் டீம் பசங்க ஆரம்பிச்சிடுவாங்க, "டேய் பொண்ணுடா", "பாய்ஃப்ரெண்ட் அக்கவுண்டா?", "இன்ஸ்டா சொல்லு". தோத்தா பழி என் மேல, அவங்க நாலு பேரும் எனக்கு முன்னாடியே செத்திருப்பாங்க. ஜெயிச்சா ஹேக்கு, அதாவது சாஃப்ட்வேர் வச்சு ஏமாத்தறேன்னு ரிப்போர்ட். அதனால மைக்கே போடறதில்ல, கேம் ஐடியை ஆம்பளப் பேருக்கு மாத்திட்டேன், சாட்ல டைப் பண்றதுக்குள்ள எதிராளி சுட்டுட்டுப் போயிடறான். அம்மா வேற "இந்நேரத்துல யார்கூட பேச்சு"ன்னு திட்டறாங்க, தம்பியும் அதே கேம்தான் ஆடுறான், அவனை ஒரு வார்த்தை கேக்கறதில்ல. நடுவுல ஒரு பொண்ணுங்க டீம்ல ட்ரையவுட்டுக்கு, அதாவது ஆடிப் பாத்து ஆள் எடுக்கறதுக்குக் கூப்பிட்டாங்க, பொண்ணுங்களோட ஆடி ஜெயிச்சு என்னன்னு பதில் போடல, அது இருக்கட்டும். இந்தப் பசங்க எப்ப மேடம் மாறுவாங்க? நான் நல்லா ஆடறேன்னு அவங்க வாயால சொல்ல வைக்க என்ன பண்ணணும்?

பதில்:

அந்தப் பசங்க பேசறது அசிங்கம், அதுல ரெண்டு பேச்சே இல்ல. மியூட் பண்ணுங்க, ரிப்போர்ட் பண்ணுங்க. அதுக்கு மேல அவங்களைப் பத்திப் பேச எனக்கு மனசில்ல. "அது இருக்கட்டும்"னு ஒரு வரியில தாண்டிப் போனீங்களே, நான் அங்கயே நின்னுட்டேன்.

பொண்ணுங்களோட ஆடி ஜெயிச்சு என்னன்னு கேக்கறீங்க. கேம்ல உங்களைப் பத்தி அந்தப் பசங்க சொல்றதும் இதேதானம்மா. கோவிச்சுக்காதீங்க, அவங்க பேச்சை நீங்களும் பாதி நம்பிட்டீங்க.

2016ல தென்கொரியாவுல கெகுரின்னு 17 வயசுப் பொண்ணு, ஓவர்வாட்ச்ங்கற இன்னொரு ஷூட்டிங் கேம்ல ஸார்யாங்கற கேரக்டரை எடுத்து ஆடின ஆட்டத்தைப் பாத்து எதிர் டீம்காரங்க ஹேக்குன்னு சொல்லிட்டாங்க. கடைசியில அந்தப் பொண்ணு முகத்துல மாஸ்க் மாட்டிகிட்டு, கையும் மவுஸும் கேமராவுல தெரியற மாதிரி உக்காந்து லைவ்ல ஆடிக் காட்ட வேண்டியிருந்துச்சு. 2018ல ஷாங்காய் டிராகன்ஸ் டீம்ல சேந்து, அந்த கேமோட ப்ரொஃபஷனல் போட்டியான ஓவர்வாட்ச் லீக்ல ஆடின முதல் பொண்ணானாங்க. அப்ப நிரூபிச்சா மதிப்பாங்கன்னு இதை எடுத்துக்காதீங்க. ஒரு பையன் அதே ஆட்டம் ஆடியிருந்தா கையைக் காட்டுன்னு கேட்டிருப்பாங்களா? இந்தப் பரீட்சையில பாஸ் மார்க்கே கிடையாது, நீங்க அதை எழுத இடம் கேட்டு நிக்கறீங்க.

வாலரண்ட்லயே 2021ல கேம் சேஞ்சர்ஸ்னு பெண்களுக்குத் தனிப் போட்டி ஆரம்பிச்சாங்க. அஞ்சு பேர் வாய்விட்டுப் பேசி, சண்டை போட்டு, சேந்து ப்ராக்டீஸ் பண்ணாத்தான் இந்த விளையாட்டே வரும், உங்களுக்கு அந்த அஞ்சு பேர் இதுவரைக்கும் கிடைக்கல. ஊமையா ஆடியே அசெண்டன்ட் வந்திருக்கீங்க, எனக்கு அது பெரிய விஷயமாத் தெரியுது. ஆனா அந்த டீம்ல போய்த் தோத்தா பசங்க மேல பழி போட முடியாதே, அந்த பயமும் உள்ள கொஞ்சம் இருக்குன்னு எனக்குத் தோணுது.

லேட்டானதுக்கு ஸாரி சொல்லி அந்தப் பொண்ணுங்க டீமுக்கு இன்னிக்கே மெசேஜ் போடுங்க. ட்ரையவுட் முடிஞ்சிருந்தா அடுத்தது எப்பன்னு கேளுங்க. அம்மாவை ஒருநாள் பக்கத்துல உக்கார வச்சு ஒரு மேட்ச் முழுசா பாக்க வைங்க, யார்கூட பேசறீங்கன்னு அவங்களுக்கும் தெரியட்டும். ஐடி பேரை மாத்தறதும் மாத்தாததும் உங்க இஷ்டம்.