தாய்ப்பால் கொடுக்கும்போது கரு தங்குமா?

கேள்வி: குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. தாய்ப்பால்தான் கொடுக்கிறேன், இரவில் மட்டும் ஒருவேளை புட்டிப்பால். மாதவிலக்கு இன்னும் வரவில்லை. பால் கொடுக்கும்வரை கரு தங்காது என்கிறார் அத்தை. மாத்திரை சாப்பிட்டால் பால் வற்றிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அத்தை சொல்வதில் பாதி உண்மை. குழந்தை மார்பில் சப்பிக் குடிக்கக் குடிக்க, கருமுட்டையை வெளிக்கொண்டுவரும் ஹார்மோன்கள் அடங்கியிருக்கும். ஆனால் அதற்குக் குழந்தைக்கு 6 மாதம் நிறைந்திருக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது, தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது. பகலில் 4 மணி நேரத்துக்கும் இரவில் 6 மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி விழவும் கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் 100 பேரில் 98 பேருக்குக் கரு தங்காது. ஒன்று தவறினாலும் இந்தக் கணக்கு செல்லாது.

உங்களுக்கு இடிப்பது அந்த இரவுப் புட்டிதான். எட்டு மணிக்குத் தாய்ப்பால், பத்து மணிக்குப் புட்டி, அப்புறம் விடியற்காலை ஐந்துக்குத்தான் குழந்தை மார்பைத் தேடுகிறது என்றால், நடுவில் 9 மணி நேரம் போய்விடுகிறது. நீங்கள் கொஞ்சம் தூங்கவேண்டும் என்றுதான் அந்தப் புட்டி வந்திருக்கும். அதற்காக மனதைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம். பால் கொடுப்பதையே கருத்தடையாக மட்டும் நம்பாதீர்கள்.

மாதவிலக்கு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றும் இருந்துவிடாதீர்கள். கருமுட்டை முதலில் வெளியாகலாம். உதிரப்போக்கு அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான். "தீட்டே வரலையே டாக்டர்" என்று வந்து, ஸ்கேனில் மூன்று மாதக் கருவைப் பார்த்துக் கண்கலங்கிய தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முடிவு தெரிந்து, ஒரு முறையைத் தொடங்கும்வரை ஆணுறை போதும்.

மாத்திரை பற்றிய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. சாதாரணக் கருத்தடை மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனும் இருக்கும். பால் குறையலாம் என்பதால், தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு முதல் 6 மாதம் பொதுவாக அதைத் தருவதில்லை. புரொஜெஸ்டின் என்ற ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரை வேறு. அதனால் பால் வற்றாது. ஆனால் தினமும் ஒரே நேரத்தில் போடவேண்டும். பழைய வகைகளில் 3 மணி நேரம் தாமதமானாலே பாதுகாப்பு குறையும். கைக்குழந்தையோடு இது எல்லோருக்கும் ஒத்துவராது.

மறதி பயம் இருந்தால், கருப்பைக்குள் வைக்கும் சின்னக் கருத்தடைச் சாதனமான காப்பர் டி நல்லது. அதில் ஹார்மோன் கிடையாது, பாலை ஒன்றும் செய்யாது. பிரசவமான 48 மணி நேரத்துக்குள், இல்லையென்றால் 4 வாரத்துக்குப் பிறகு போடலாம். நீங்கள் இப்போதே போட்டுக்கொள்ளலாம். முதல் சில மாதம் உதிரப்போக்கும் வயிற்றுவலியும் கூடுதலாக இருக்கலாம். எடுத்துவிட்டால் உடனே கருத்தரிக்க முடியும். 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. அதை நிறுத்தியபின் கரு தங்கப் பல மாதம் ஆகலாம்.

அடுத்த பிள்ளைக்கு முயற்சி செய்ய 24 மாதமாவது இடைவெளி விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சிசேரியன் என்றால் தையல் போட்ட கருப்பைக்கும் அந்த அவகாசம் வேண்டும்.

ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, முன்பு காலில் ரத்தம் உறைந்தது எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையைத் தேர்வு செய்வதே அதை வைத்துத்தான். கணவரும் அத்தையும் கூட வரட்டும், ஐந்து நிமிடமாவது டாக்டரிடம் தனியாகப் பேசிவிடுங்கள்.