பணக்காரப் பகுதியான கேட்டலோனியா ஏன் ஸ்பெயினிலிருந்து பிரிய நினைக்கிறது? வெறும் காசுக்காகவா?

காசும் ஒரு காரணம்தான். ஸ்பெயினின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அவர்களுடையது; கட்டுகிற வரி அளவுக்குத் திரும்பி வருவதில்லை என்பது பழைய புகார். அதே நாட்டில் பாஸ்க் பகுதி தன் வரியைத் தானே வசூலிப்பது வேறு எரிச்சல்.

ஆனால் கொதிப்பு ஏறியது 2010-இல். மக்கள் வாக்களித்து ஏற்ற தன்னாட்சிச் சட்டத்தின் சில பிரிவுகளை அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் 2013-இல் தனிநாடு கேட்டு சுமார் 400 கிலோமீட்டர் மனிதச் சங்கிலி. பார்சிலோனா கால்பந்து அரங்கில்கூட ஆட்டத்தின் 17 நிமிடம் 14 நொடியில் 'விடுதலை' கோஷம் எழுந்தது. ஏன் அந்த நேரம்? கேட்டலோனியாவின் தலைநகரான பார்சிலோனா ஸ்பெயின் அரசரின் படையிடம் வீழ்ந்தது 1714-இல்.

பிரிவது பற்றிய 2017 வாக்கெடுப்பில் 90 சதவீத ஆதரவு என்பார்கள். சரி, வாக்களித்தவர்களே 43 சதவீதம்தான். எதிர்ப்பாளர்கள் பெரும்பாலும் வரவே இல்லை.