மாசி மாதத்து ரெபெக்கா

அன்புள்ள ஐயா,

1692-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் சேலத்தில் சூனியக்காரி என்று தூக்கிலிடப்பட்ட ரெபெக்கா நர்ஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அந்தப் பாட்டியின் வம்சாவளியை வரையலாம் என்று உட்கார்ந்தேன். இங்கிலாந்தில் கிரேட் யார்மத் தேவாலயப் பதிவுப்படி அப்பா வில்லியம் டவுன், அம்மா ஜோனா ப்ளெசிங் கல்யாணம் 1620 ஏப்ரல். ரெபெக்காவின் ஞானஸ்நானம் 1620 பிப்ரவரி! கல்யாணத்துக்கு முன்பே குழந்தையா? வேறு இடத்தில் 1621 என்கிறார்கள். அப்புறம், மேரி ஈஸ்டியும் சாரா க்ளாய்ஸும் இவருடைய தங்கைகளாம். மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர். எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள்?

ச. ர., திருச்சி

அன்புள்ள ச. ர.,

முதலில் ஜோனா அம்மாள் மேல் நீங்கள் போட்ட பழியைத் துடைத்துவிடுகிறேன். பாவம், அவர் மேல் ஏற்கெனவே வேறொரு பழி இருக்கிறது.

சித்திரையில் கல்யாணம், மாசியில் பிள்ளை. இதை நம் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள், "பத்து மாசம், கணக்கு சரியாத்தானே இருக்கு" என்பார்கள். நமக்கு வருஷம் சித்திரையில் பிறப்பதால் மாசி கடைசிக்குப் போய்விடுகிறது. அன்றைய இங்கிலாந்தில் வருஷம் பிறந்தது மார்ச் 25-இல். ஆகவே 1620 ஏப்ரலுக்குப் பிறகுதான் 1620 பிப்ரவரி வரும். நம் கணக்கில் அது 1621. ஜனவரி 1-க்கு அவர்கள் மாறியது 1752-இல். அதற்கு முந்தைய ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரையான தேதிகளை 1620/21 என்று இரண்டையும் சேர்த்தே எழுதி வையுங்கள்.

இன்னொரு குழியும் உண்டு. மாதங்களின் பெயரில் பழைய தெய்வங்கள் இருப்பது மாசசூசெட்ஸின் தூய்மைவாதிகளுக்கு, அதாவது ப்யூரிட்டன் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினருக்கு, ஆகவில்லை. அதனால் எண்ணால் குறித்தார்கள். முதல் மாதம் என்றால் மார்ச், 12-ஆம் மாதம் பிப்ரவரி. நானே ஒரு பெண்மணியின் தேதியை டிசம்பர் என்று குறித்துவைத்து இரண்டு வாரம் சுற்றியிருக்கிறேன். இணையத்தில் உள்ள வம்சாவளிகளில் பாதி இப்படி ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதுதான் என்பது என் அபிப்பிராயம்.

சரி, தங்கைகள். கல்யாணமானதும் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் காகிதத்திலிருந்து போய்விடுகிறது. அப்பாவின் சொத்துப் பிரிவினை, கணவரின் நிலப் பத்திரம் என்று ஆண்களின் காகிதங்களுக்குள்தான் அவளைத் தேட வேண்டும். இவர்கள் விஷயத்தில் பகையாளிகளின் காகிதமே கிடைத்துவிட்டது. சேலம் வழக்கில் ஜான் புட்னம் என்ற நெசவாளரும் மனைவி ஹன்னாவும் கொடுத்த வாக்குமூலம் அது. நன்றாகத் தேறி வந்த தங்கள் குழந்தை, சுமார் எட்டு வாரம் வரை எந்தக் குறையும் இல்லாத குழந்தை, ஏப்ரலில் இறந்துவிட்டது என்கிறார்கள். அதற்கு முன், தான் கேள்விப்பட்ட ஏதோ ஒரு பேச்சை ஜான் வெளியே சொல்லியிருக்கிறார். அதன்பிறகு அவருக்கே வலிப்பு போல வந்ததாம், பிறகு குழந்தைக்கு. அந்தப் பேச்சு யாரைப் பற்றியது? "ரெபெக்கா நர்ஸ், மேரி எஸ்டிக், சாரா க்ளாய்ஸ் ஆகியோரின் அம்மா"வைப் பற்றி.

ஜோனாவும் சூனியக்காரி என்று ஊரில் ஒரு முணுமுணுப்பு இருந்தது. நான் சொன்ன பழி அதுதான். மகள்களைச் சிக்கவைக்க எழுதிய அந்த வரி, மூன்று வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட மூன்று பெண்களையும் ஒரே தாயின் பிள்ளைகளாக்கி நம் கையில் கொடுக்கிறது. வம்சாவளி பார்ப்பவருக்கு இதைவிட நல்ல சாட்சி அமையாது. எழுதியவர்களின் நோக்கத்தை நினைத்தால்தான் வயிற்றைப் பிசைகிறது.

எஸ்டிக் என்றதும் திகைக்க வேண்டாம், அது ஈஸ்டிதான். நர்ஸையும் சில இடங்களில் நூர்ஸ் என்று எழுதியிருப்பார்கள். எழுத்தரின் காதில் விழுந்ததுதான் எழுத்து. கண்ணால் தேடாமல், வாய்விட்டுப் படித்துத் தேடுங்கள்.

ரெபெக்காவை ஜூலை 19-இலும், மேரியை செப்டம்பர் 22-இலும் தூக்கிலிட்டார்கள். சாரா மட்டும் பிழைத்தார். அவருக்கு க்ளாய்ஸ் இரண்டாவது கணவர். முதல் கணவர் எட்மண்ட் ப்ரிட்ஜஸ். உங்கள் படத்தில் டவுன் வீட்டுப் பெண்களாக சாரா ப்ரிட்ஜஸ், சாரா க்ளாய்ஸ் என்று இரண்டு பேர் இருந்தால், ஒருவரை அழித்துவிடுங்கள்.