வீட்டிலேயே ஸ்போர்ட்ஸ் காருக்கு டர்போ பொருத்த முடியுமா?

கேட்டவர் மூன்று விஷயம் கேட்டிருக்கிறார்: சொந்த கராஜில் செய்ய முடியுமா, ஒரு சனி ஞாயிறு போதுமா, கிட் விலையைத் தவிர வேறு செலவு உண்டா?

முடியும். போதாது. உண்டு. (டர்போ என்பது எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. கிட் என்பது அதைப் பொருத்தத் தேவையான பாகங்களின் தொகுப்பு.)

நான் இருப்பது அமெரிக்காவில், மிச்சிகனில். வண்டி 1995 மாஸ்டா மியாட்டா. வேறு பல நாடுகளில் எம்.எக்ஸ்-5 என்பார்கள். இரண்டு சீட், 1.8 லிட்டர் இன்ஜின், புதிதில் 128 குதிரைத்திறன், எடை சுமார் 1,050 கிலோ. வளைவில் பொம்மை மாதிரி திரும்பும், நேர் ரோட்டில் லாரிக்குப் பின்னால் தவிக்கும். டர்போ ஆசை வந்தது அந்தத் தவிப்பில்தான். நான் மெக்கானிக் இல்லை. பகலில் கம்ப்யூட்டர் வேலை. அதற்கு முன் பிரேக் பேட் மாற்றியிருக்கிறேன், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான்.

மியாட்டாவைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. இதே 1.8 இன்ஜினை மாஸ்டாவே ஜப்பானில் ஃபமிலியா ஜி.டி-எக்ஸ் வண்டிக்கு டர்போவோடு விற்றது. மியாட்டாவில் இருப்பதும் இரும்பு பிளாக்தான், கம்ப்ரஷன் 9.0 (சிலிண்டருக்குள் கலவை ஒன்பதில் ஒரு பங்காக அமுங்கும்). ஆனால் மியாட்டாவில் இருக்கும் கனெக்டிங் ராடுகள் (பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைப்பவை) மெல்லியவை. சக்கரத்தில் அளந்து 250 குதிரைத்திறனை நெருங்கினால் வளைந்துவிடும் என்பது இந்த வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதனால் நான் 200-க்குக் கீழேயே நிற்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

கிட் வாங்கும் முன் கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்ற சோதனை) செய்யுங்கள். நாலு பிளக்கையும் கழற்றி, கேஜை மாட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரை ஓட விட வேண்டும். எனக்கு 175, 170, 175, 165 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வந்தது. ஏதாவது ஒரு சிலிண்டர் மட்டும் 120 காட்டியிருந்தால் அந்தப் பணத்தை இன்ஜினுக்குச் செலவழித்திருப்பேன். ஏற்கனவே நோஞ்சானாக இருக்கிற இன்ஜின் தலையில் டர்போவை ஏற்றினால் அது நாலு மாதம்கூடத் தாங்காது.

முதல் சனிக்கிழமை முழுக்க, இன்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்த் தொகுதியான பழைய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றுவதிலேயே போனது. இங்கே பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு கொட்டுவார்கள். அந்த உப்பும் இருபது வருட வெப்பமும் சேர்ந்து நட்டுகளை ஸ்டட்டோடு (தலையில்லாத போல்ட்) ஒட்ட வைத்திருந்தன. மூன்று ராத்திரி துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்தும், ஒரு ஸ்டட் கழுத்தோடு முறிந்தது. வெல்டிங் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் வந்து, முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்துப் பற்ற வைத்து, சூடு ஆறும் முன்பே ஸ்பேனரால் திருப்பினார். பல் பிடுங்குவதுபோல வந்துவிட்டது. எனக்கு மட்டும் வெல்டிங் தெரிந்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

டர்போவை மாட்டுவது என்னவோ இரண்டு மணி நேர வேலைதான். வீடியோக்களில் காட்டுவதும் அதை மட்டும்தான். அதற்கு எண்ணெய் வந்து போகும் வழியை அமைப்பதில்தான் நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டும்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம். உள்ளே போகும் எண்ணெய் இன்ஜினின் அழுத்தத்தில் வருகிறது. ஆயில் பிரஷர் சென்சார் இருக்கும் இடத்தில் ஒரு 'டீ' (மூன்று வாய்க் குழாய் இணைப்பு) போட்டு எடுக்கலாம். மியாட்டாவில் அது இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே, ஆயில் ஃபில்டர் பக்கம். கை போகும், கண் போகாது. ஆனால் வெளியே வரும் எண்ணெய்க்கு அழுத்தமே கிடையாது. நுரைத்துப்போய், வெறும் புவியீர்ப்பில் சம்புக்குள் (இன்ஜின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி) விழ வேண்டும். அதற்காக ஆயில் சம்பில் ஓட்டை போட்டு மரை போட வேண்டும். சம்பைக் கழற்றிச் செய்யலாம் என்றால், இந்த வண்டியில் அதற்கு முன்பக்கச் சட்டமான சப்ஃபிரேமையே இறக்க வேண்டும். எனவே வண்டியில் இருந்தபடியே துளைத்தேன். டிரில் பிட்டிலும் மரை வெட்டும் டேப்பிலும் கெட்டியாக கிரீஸ் பூசி, நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி பூசி. பிசிறு கிரீஸில் ஒட்டிக்கொண்டு வரும். கடைசியில் மலிவான ஆயிலை மேலே ஊற்றிக் கீழே வடித்தேன். இரண்டாவது முறை வடித்தபோதுதான் துணியில் மினுமினுப்பு நின்றது.

இவ்வளவு கவனமாகச் செய்தவன் அடுத்த படியில் கோட்டை விட்டேன். வடிகுழாய் ஹோஸ் கிட்டில் வந்த நீளத்திலேயே இருந்தது. வெட்ட மனம் வராமல் அப்படியே மாட்டினேன். நடுவில் லேசாகத் தொங்கி ஒரு வயிறு மாதிரி வளைந்தது. என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். முதல் ஓட்டத்தில், சிக்னலில் நின்ற இரண்டாவது நிமிடம், பின்னால் ஒரே நீலப் புகை. வீட்டுக்கு வந்ததும் மனைவி வாசலிலேயே நின்று, "ஏங்க, கொசு மருந்து வண்டி மாதிரி வர்றீங்களே" என்றாள். டர்போ சீல் போய்விட்டது என்று நினைத்து, விற்றவருக்குக் காரமாக ஒரு மெயில்கூட எழுதி வைத்தேன். நல்லவேளை அனுப்பவில்லை. தொங்கிய இடத்தில் எண்ணெய் தேங்கி, மேலே டர்போவுக்குள் ஏறி, வேறு வழியில்லாமல் சீலைத் தாண்டி எக்ஸாஸ்டில் கசிந்திருக்கிறது. ஹோஸில் இரண்டு அங்குலம் வெட்டி, மேலிருந்து கீழே ஒரே சரிவாக இறங்கும்படி மாட்டினேன். சைலன்சரில் தங்கியிருந்த எண்ணெய் எரிந்து தீர அரை மணி நேரம் ஆனது. அதன் பிறகு புகை இல்லை.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இன்னொன்று: பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் முள் ஏறும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் விட்டு விட்டு ஓட்டுங்கள். டர்போ காய்ந்த நிலையில் சுழலக் கூடாது.

கூலன்ட் விஷயம் இந்த வண்டிக்கே உரியது. இந்த இன்ஜின் முன்சக்கரம் இழுக்கும் மாஸ்டா 323 காருக்காக வடிவமைத்தது, அங்கே குறுக்காக உட்காரும். மியாட்டாவுக்காக நெடுக்காகத் திருப்பியபோது தண்ணீர் உள்ளே போகும் வழி, ரேடியேட்டருக்குத் திரும்பும் வழி இரண்டும் முன்பக்கத்திலேயே அமைந்துவிட்டன. பின்னால் இருக்கும் நாலாவது சிலிண்டருக்குப் போதிய ஓட்டம் இல்லை. சாதாரணமாக ஓட்டினால் தெரியாது. டர்போ வந்தால் அங்கேதான் முதலில் சூடேறும். தெர்மோஸ்டாட்டை (சூடேறியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) பின்பக்கத்துக்கு மாற்றி அமைக்கும் உதிரிகள் கிடைக்கின்றன. மாற்றினேன், பெரிய ரேடியேட்டரும் போட்டேன்.

பெட்ரோலும் கம்ப்யூட்டரும்: இதில் கஞ்சத்தனம் பார்த்தால் இன்ஜின் போய்விடும். பழைய கம்ப்யூட்டருக்கு டர்போ என்றால் என்னவென்றே தெரியாது. காற்று அதிகமாகத் திணிக்கும்போது அதற்கேற்ற பெட்ரோலும் வேண்டும், பொறி கொஞ்சம் தாமதமாகவும் விழ வேண்டும். நான் மெகாஸ்குவர்ட் (நாமே செட் செய்யக்கூடிய இன்ஜின் கம்ப்யூட்டர்), நிமிடத்துக்கு 550 சி.சி. பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள், காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் ஒரு வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் மூன்றும் போட்டேன். ஒரு படி குளிர்ந்த ரக பிளக், இடைவெளி 0.7 மி.மீ. சும்மா ஓடும்போது ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று, பூஸ்டில் (டர்போ காற்றைத் திணிக்கும்போது) 11.5 பக்கம். பூஸ்டில் அந்த எண் 13-ஐத் தாண்டினால் காலை எடுத்துவிடுவேன். ஐட்லிங் செட்டிங் வரை நானே போராடினேன். பூஸ்ட் பகுதியை, வண்டி ஓடும்போது பதிவான லாக் ஃபைலைப் பார்த்துத் தூரத்திலிருந்தே திருத்தித் தரும் ஒருவரிடம் பணம் கொடுத்துச் செய்துகொண்டேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஓடத் தொடங்கி சுமார் 400 மைலில், காலையில் ஸ்டார்ட் செய்தால் தையல் மெஷின் மாதிரி டிக் டிக் சத்தம். வண்டி சூடானதும் நின்றுவிடும். டர்போவையும் மேனிஃபோல்டையும் சேர்க்கும் நாலு நட்டில் இரண்டைக் கையாலேயே திருப்ப முடிந்தது. அங்கே எக்ஸாஸ்ட் 800 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சாதாரண ஸ்டட் அந்தச் சூட்டில் நீண்டு பிடியை விட்டுவிடும். இன்கோனல் (சூட்டைத் தாங்கும் நிக்கல் கலவை) ஸ்டட் சின்னச் சின்னதாகத்தான் இருக்கும், விலையைப் பார்த்தால் நகைக்கடை ஞாபகம் வரும். போட்டபின் இன்றுவரை அசையவில்லை. முதலிலேயே போட்டிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிழைத்திருக்கும்.

அடுத்து கிளட்ச். நாலாவது கியரில் மிதித்தால் ஆர்.பி.எம். முள் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. கியர்பாக்ஸை இறக்கும் அன்று மட்டும் நண்பனைக் கூப்பிட்டேன். அது தனி ஆள் வேலை இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். நாலு ஜாக் ஸ்டாண்டு போட்டு, வண்டியை உலுக்கிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கணக்கு: கிட் 3,800 டாலர். கம்ப்யூட்டர், இன்ஜெக்டர், ரேடியேட்டர், கிளட்ச், ஸ்டட், ட்யூனிங் எல்லாம் சேர்த்து மேற்கொண்டு 3,100. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். நாள் கணக்கில் ஏழு வார இறுதிகள். டைனோவில் (வண்டியின் திறனை அளக்கும் மெஷின்) சக்கரத்தில் 186 குதிரைத்திறன் வந்தது. முன்பு 100-ஐ ஒட்டி இருந்திருக்கும். பூஸ்ட் 8 பி.எஸ்.ஐ., பெட்ரோல் 93 ஆக்டேன் மட்டும்.

சட்டம்: மிச்சிகனில் வருடாந்திரப் புகைச் சோதனை கிடையாது. அதற்காகப் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பிடுங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரோட்டில் ஓடும் வண்டியில் அதைக் கழற்றுவது அமெரிக்கா முழுவதும் கூட்டாட்சிச் சட்டத்துக்குப் புறம்பானது. கலிஃபோர்னியாவில் இருந்தால் அந்த மாநிலக் காற்றுவள வாரியம் தந்த விலக்கு எண் உள்ள கிட் தவிர வேறெதையும் தொடாதீர்கள். இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லிவிடுங்கள். எனக்கு பிரீமியம் கொஞ்சம் ஏறியது. வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள ஜப்பான், பிரிட்டன் மாடல் என்றால் ஸ்டீயரிங் தண்டு டர்போவுக்கு எதிர்ப்பக்கம் வரும். கிட் அந்த மாடலுக்குப் பொருந்துமா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தினம் ஆபீஸ் போக இந்த ஒரே வண்டிதான் என்றால் இப்போது தொடாதீர்கள். எனக்கு ஓட்ட மனைவியின் கரோலா இருந்தது, ஏழு வாரம் அதில் போனேன். எப்படியும் செய்வேன் என்றால், அந்த ஆயில் வடியும் ஹோஸை மாட்டியதும் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்துக் கமெண்டில் போடுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் பார்த்துச் சொல்கிறேன்.